பலசரக்குப் பெயர் வைத்த பாயிண்டுகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து அரைமணி நேரம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். நான் பேச மாட்டேன். தூத்துக்குடியில் சர்வீஸ் சென்டரின் பின்னறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்ததற்கு முக்கியமான காரணமே, முன்னறையில் ஆட்களோடு பேச வேண்டியிருக்கும் என்பதுதான். பத்தாம் வகுப்போடு நின்றவன். சென்டரை மூடியபோது எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வேறு இடம் தேடவில்லை. இப்போது ஏரலில் மாமா கடையில் பொட்டலம் மடித்துக் கொடுக்கிறேன். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதித் தருகிறேன். உங்களில் யாராவது வாசித்துக்கொள்ளுங்கள்.

போனை எப்படித் திறப்பது, எந்த உடைசலுக்கு எந்தப் பிரிவு என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் மாற்றுக் கருவி கேட்டு வரும் கிளைம்கள் உங்கள் கையேட்டில் இருக்காது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் கொண்டுவந்த போனில், சார்ஜ் போடும் ஓட்டைக்குள் உப்பு கல்லாக விளைந்திருந்தது. கருவாடு காயும் பாயில் வைத்திருந்த போனை நாய் தூக்கிக்கொண்டு போய், பல் பதிந்த நிலையில் ஒன்று வந்தது. ‘சேதம் நேர்ந்த விதம்’ என்ற இடத்தில் போனின் சொந்தக்காரர் ‘மீன் வாடை’ என்று மட்டும் எழுதியிருந்தார். சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.

சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம். நான் சொல்லப்போகும் கிளைமும் அப்படித்தான் சிரிப்பாகத் தொடங்கியது.

திரேஸ்புரத்திலிருந்து மிக்கேல் என்று ஒருவர் வந்தார். சொந்தமாக வள்ளம் வைத்துத் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர். கையில் பாலித்தீன் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் கையடக்க ஜிபிஎஸ் கருவி. வாங்கும்போதே பாதுகாப்புத் திட்டமும் சேர்த்து எடுத்திருந்தார். திட்டம் என்றால் உங்களுக்குத் தெரியும்: தற்செயலாகக் கெட்டால் பழையதை வாங்கிக்கொண்டு மாற்றுக் கருவி கொடுப்போம். உடைமைக்காரர் தானே எதையாவது செய்து கெடுத்திருந்தால் கொடுக்க மாட்டோம்.

கருவியில் உயிர் இல்லை. திரையைச் சுற்றி, பொத்தான்களைச் சுற்றி, பின்மூடியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ உறைந்திருந்தது. முன்னறையில் ஆள் இல்லாததால் நான் போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

“என்னண்ணே இது?”

“மெழுகு.”

“யாரு ஊத்துனா?”

“நாந்தான். மாதாவுக்கு ஏத்துன மெழுகு. உப்புத்தண்ணி உள்ள போவக் கூடாதுல்லா. பத்து நாளு நல்லாத்தான் இருந்துச்சு. நடுக்கடல்ல வெயிலுல இளகி அதுவே உள்ள போயிட்டு.”

தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற கருவி அது. தண்ணீரிடமிருந்து காப்பாற்றப் போய் மெழுகை உள்ளே விட்டிருந்தார். இதை அப்படியே எழுதினால் கிளைம் தள்ளுபடி ஆகும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூச்சப்படுகிறவன் இரக்கத்தையும் வாயால் காட்டமாட்டான், எதையாவது செய்துதான் காட்டுவான்.

“மெழுகுன்னு சொல்லாதீங்கண்ணே. கடல்ல தவறி விழுந்துட்டுன்னு எழுதிக்கிடுவோம்.”

“விழலியே.”

“விழுந்ததா இருக்கட்டும்.”

“ஏல, கடல்ல விழுந்த சாமான் எப்படித் திரும்பி வரும்? அது என்ன மிதக்கவா செய்யும்? வாசிக்கவன் சிரிக்க மாட்டானா?”

“அப்ப வள்ளத்துக்குள்ள தேங்கின தண்ணில விழுந்துட்டு.”

கொஞ்சம் யோசித்தார். “அது பொருத்தமா இருக்கு,” என்றார். கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனாவைப் பிடித்தபடி ஒருமுறை என்னைப் பார்த்தார். பொய்யில் கையெழுத்துப் போட்டுப் பழக்கம் இல்லாத கை. பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“தம்பி, உள்ள என் பாயிண்டு இருக்கு. அத எடுத்துக் குடுக்க முடியுமா?”

கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பார்களில் முத்துக் குளித்தார்கள். இன்றைக்கு முத்து இல்லை, மீன் இருக்கிறது. ஒரு பார் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்து வைத்தால் அது பாயிண்ட். சொந்த வள்ளம் வைத்திருப்பவருக்கு அவருடைய பாயிண்டுகள்தான் நிலம், வீடு எல்லாம். அடுத்த வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தாலும் பாயிண்டைச் சொல்ல மாட்டார்கள்.

“எங்க ஐயா காட்டுனது கொஞ்சம், நானும் எந்தம்பி சிலுவையும் தேடிப் புடிச்சது கொஞ்சம். எவனாவது எட்டிப் பாத்தாலும் வெளங்கக் கூடாதுன்னு சிலுவை பலசரக்கு பேரா வச்சிருக்கான். சீனி, பருப்பு, மிளகு, கடுகு. அந்தக் கடுகு ரொம்பச் சின்னப் பாரு. எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் தெரியும்.”

“எடுக்க முடியாதுண்ணே. திரை செத்துப் போச்சு.”

“அப்ப இது எங்க போவும்?”

“சென்னைக்கு. உள்ள இருக்கதெல்லாம் அழிச்சுட்டுத்தான் அனுப்புவோம்.”

“நிச்சயமா?”

“ஆமாண்ணே.”

“அப்பச் சரி. கரை அடையாளம் பாத்துப் பாரப் புடிக்க எனக்குத் தெரியும். புதுசுல மறுபடி ஏத்திக்கிடுதேன்.”

அன்றைக்கு நாலு மணிக்குக் கூரியர் வண்டி வரும். பதினோரு கருவிகள் கட்டி முடிக்க வேண்டும். ஹேர் டிரையரை வைத்து இளக்கி, மிக்கேலின் மெழுகை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டினேன். ஒரு துணுக்கு வெளியே தெரியவில்லை. அந்தச் சுத்தத்தில் எனக்குப் பெருமை இருந்தது. அதன்பின் படிவத்தின் கடைசி வரிக்கு வந்தேன். ‘வாடிக்கையாளரின் தகவல்கள் அழிக்கப்பட்டனவா? ஆம் / இல்லை.’ அழிக்க வேண்டும் என்றால் வேறொரு திரையை மாட்டி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை; மிக்கேலிடம் எடுக்க முடியாது என்று சொன்னதும் அதனால்தான். ‘இல்லை’ என்று போட்டால் ஏன் என்று கேட்டுத் திரும்பி வரும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர் இருந்தார். கை சுத்தமான வேலைக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. முதல் நாளே அவர் எனக்குச் சொன்னது இதுதான்: “கட்டம் காலியா இருந்தா கிளைம் திரும்பி வரும். எதையாவது போடு. எவனும் பெட்டியப் பிரிச்சுப் பாக்கப் போறதில்ல.”

நான் ‘ஆம்’ என்பதில் டிக் போட்டேன்.

அந்த ஒரே தாளில் இரண்டு பொய்கள். ஒன்று இரக்கத்தால் எழுதியது, மற்றது சோம்பலால் எழுதியது. எனக்கு அப்போது முதலாவது மட்டும்தான் பொய்யாகத் தெரிந்தது. இரண்டாவது வெறும் வழக்கம்.

மிக்கேலுக்கு மாற்றுக் கருவி வந்தது. வாங்கிக்கொண்டு போனார். அவர் வேலை முடிந்தது என்று மறந்துவிட்டேன்.

நாலு மாதம் இருக்கும். தெற்கே ஆலந்தலை மீன்பிடி ஊர்க்காரர் ஒருவர் நைலான் நரம்புப் பையோடு நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார். அவருடைய கருவியும் கெட்டு, எங்கள் மூலமாக மாற்றுக் கருவி வாங்கியிருந்தார். பைக்குள் பெரிய களவா மீன் ஒன்று.

“அண்ணாச்சி, நீங்க குடுத்தது ஜிபிஎஸ் பெட்டி இல்ல, புதையலு. இந்தாங்க, வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“எதுக்கு?”

“தொறந்து பாத்தா உள்ள ஒரு பலசரக்குக் கடையே இருக்கு! சீனிங்கான், பருப்புங்கான், மிளகுங்கான். எவனோ பொண்டாட்டி சொன்ன சாமானக் குறிச்சு வச்சிருக்கான்னு சிரிச்சோம். ஒரு நாளு சும்மா சீனிக்குப் போய்ப் பாப்பமேன்னு போனோம். வெளமீனு அள்ளுது. அப்புறம் கடுகுன்னு ஒண்ணு…”

அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சென்னையில் என் டிக்கை நம்பி, புதுத் திரை மாட்டி, வெளியே துடைத்து, வேறு எண் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவோ ஊர் இருக்க, அது இதே கரைக்குத் திரும்பி வந்திருந்தது.

“அது வேற ஆளோடது. அழிச்சிருங்க,” என்றேன்.

“யாரோடது?”

“தெரியாது.”

“கடல்ல என்ன அண்ணாச்சி வேற ஆளு? எங்க ஊருல பதினாலு வள்ளத்துல ஏத்தியாச்சு. இனி அழிச்சா என்ன, அழிக்காட்டா என்ன?”

அவர் மேல் தப்பு இல்லை. மீன் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் குழம்பு வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் சீனியரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த வேலையை வைக்காமலே கேட்டார், “ஃபார்ம்ல என்ன போட்ட?”

“ஆம்னு.”

“அப்ப அழிச்சாச்சு. நீ வாயத் தொறக்காத. தொறந்தா போறது உன் வேலை மட்டும் இல்ல.”

அடுத்த வாரமே மிக்கேல் வந்தார். உட்காரவில்லை. கடலிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டை காயவில்லை.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்குக் குடுத்தேம்லா பெட்டி, அத யாராவது பாத்தாங்களா?”

“ஏண்ணே?”

“கடுகுல ஆலந்தலை வள்ளம் நாலு நிக்குது. சீனில நிக்குது, பருப்புல நிக்குது. எனக்கும் சிலுவைக்கும் தவிர இந்த ஒலகத்துல எவனுக்கும் கடுகு தெரியாது. சிலுவைக்குப் பொண்ணெடுத்த ஊரு ஆலந்தலை.”

சீனியர் பக்கத்து மேசையில் இருந்தார். தலையைத் தூக்கவில்லை. அவருடைய ஸ்க்ரூ டிரைவர் மட்டும் சுற்றுவதை நிறுத்தியது.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரு வரிதான். ‘அண்ணே, நான் அழிக்கவில்லை.’ இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு மனிதர் தன் தம்பி கள்ளனா இல்லையா என்பதை என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் கூச்சக்காரன், வாய் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் அதைச் சொல்ல மாட்டேன். வாய் வந்தது. பொய் சொல்ல நன்றாகவே வந்தது.

“அழிச்சாச்சுண்ணே. பேப்பர்லயே இருக்கு.”

“எங்க, காட்டு.”

கோப்பை எடுத்து நகலைக் காட்டினேன். விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த டிக்கையும் கீழே இருந்த என் கையெழுத்தையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“அப்ப அவந்தான்,” என்றார்.

அவருக்குச் சந்தேகம்தான் இருந்தது. அத்தாட்சி கொடுத்தது நான்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி ஜெபமாலை ஒரு போனோடு வந்தார். பேசினால் எதிரே இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றார். வீட்டு முகவரியைப் பார்த்துத்தான் யார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கேட்காமலே, போனைப் பார்த்தபடி அவராகச் சொன்னார். சிலரிடம் பேசாமல் இருந்தாலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

“மீன் ஏலம் நடக்கிற எடத்துல, அம்புட்டுப் பேர் பாக்க, குருசத் தொட்டுச் சத்தியம் பண்ணுன்னு தம்பியப் புடிச்சு இழுத்தாரு. அவரும் பண்ணுனாரு. ‘உன் மேலயும் குருசு மேலயும் நம்பிக்கை இல்ல, இந்தப் பேப்பரு மேலதான் நம்பிக்கை’ன்னு போனக் காட்டி, தம்பி போனுக்கும் அனுப்புனாரு இவரு. உங்க கம்பெனி பேப்பருதான் அண்ணாச்சி. தம்பி இன்ஜின் சாவிய மணல்ல வச்சிட்டுப் போயிட்டாரு. கொல்லம் பக்கம் எவன் போட்டுலயோ கூலிக்குப் போறாராம். மாமியார் ஊருக்குப் போனா அண்ணனுக்காக வேவு பாக்க வந்தவன்னு சிரிக்கான், இங்கன வந்தா கள்ளன்னு சொல்லுதான். எங்கன இருப்பாரு மனுசன்?”

அந்தப் போனில் பேசும் ஓட்டையை உப்பு அடைத்திருந்தது. துடைத்துக் கொடுத்தேன். “இப்ப நல்லாக் கேக்கும்,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன்பிறகு ஐந்து வருடம் வேலை பார்த்தேன். நல்ல பெயர்தான். என் மேசையிலிருந்து ஒரு கிளைம்கூடத் திரும்பி வரவில்லை என்று பிரிவு உபசாரக் கூட்டத்தில் சொன்னார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மெழுகு என்று உண்மையை எழுதியிருந்தால் கிளைம் தள்ளுபடி ஆகியிருக்கும். செத்த கருவி மிக்கேல் கையிலேயே இருந்திருக்கும். அவர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு கடையில் தன் கண் முன்னால் திரை மாற்றியிருப்பார். கடுகு கடுகாகவே இருந்திருக்கும். நான் அவருக்குக் கிளைமை வாங்கிக் கொடுத்தேன். அவர் கேட்டது அதை அல்ல. உள்ளே இருந்ததைக் கேட்டார். வரும் ஆளுக்குப் பொருள் வேண்டுமா, பொருளுக்குள் இருப்பது வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். செய்யாததைச் செய்ததாகப் போடாதீர்கள். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஓரத்தில் எழுதுங்கள். திரும்பி வரட்டும். திரும்பி வந்த கிளைமால் எந்த வீடும் பிரிந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சென்டரை மூடும்போது பழைய கோப்புகளை எடைக்குப் போட்டார்கள். மூட்டையைக் கொட்டித் தேடி, அந்த நகலை எடுத்து வைத்துக்கொண்டேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினேன். பிறகு திரேஸ்புரத்துக்குப் போனேன்.

மிக்கேல் வீட்டு வாசலில் தூண்டில் கயிற்றுக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். ஜெபமாலை பக்கத்தில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆலந்தலைக்காரரின் மீன் உட்பட. என் வாழ்க்கையில் நான் தொடர்ச்சியாகப் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அடிப்பார் என்று நினைத்தேன். கயிற்றைக் கீழே வைத்தார்.

“மெழுகு ஊத்துனேன்னு நான் சொன்னேம்லால. உண்மையச் சொன்னவன் நான். தண்ணில விழுந்துச்சுன்னு எழுதச் சொன்னவன் நீ. அப்பமே எனக்குத் தோணியிருக்கணும். எனக்காகப் பொய் எழுதுதவன், அவனுக்காகவும் எழுதுவாம்லா.”

சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்தேன்.

“எழுதுல இப்ப. அதே பேப்பர்ல எழுது.”

நகலை விரித்து, ‘ஆம்’ என்பதை அடித்து, ‘இல்லை’ என்பதில் டிக் போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: ‘தகவல்கள் அழிக்கப்படவில்லை. நான் பொய் சொன்னேன். சிலுவை மேல் தப்பு இல்லை.’ தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஜெபமாலை அதைப் படம் எடுத்துச் சிலுவைக்கு அனுப்பினார். நான் துடைத்துக் கொடுத்த அதே போன்தான்.

மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பாத்துட்டாரு,” என்றார் ஜெபமாலை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை, ஒரு படம் மட்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் அண்ணன் தனக்கு அனுப்பியிருந்த அந்தத் தாளின் படத்தை, அழிக்காமல் வைத்திருந்து, அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். ‘ஆம்’ என்பதில் டிக். கீழே என் கையெழுத்து.

மிக்கேல் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.

“ரெண்டுலயும் உன் கையெழுத்துத்தான் கெடக்கு தம்பி. இதுல எத அவன் நம்பணும்ங்குத?”